ஸ்டேட்டஸில் காய்ந்த ஜாக்கெட்டுகள்

தையல் கடை வைத்திருக்கும் சகோதரிகளே, கழுத்து சரியாக வந்தால் கை இறுகும், இரண்டும் சரியாக வந்தால் கல்யாணம் தள்ளிப்போயிருக்கும். நம் பிழைப்பு அப்படி.

படத்துக் கழுத்து

முன்பெல்லாம் கழுத்து எப்படி வேண்டும் என்று காற்றில் விரலால் வரைந்து காட்டுவார்கள். இப்போது போனில் படம் வந்துவிடுகிறது. பாளையங்கோட்டையில் இருக்கும் என் சின்னக் கடையிலும் புது மாதிரி தைக்க முடிகிறது என்றால் அந்தப் படங்களால்தான். ஆனாலும் பயம் விடாது. ஒல்லியான ஒரு பெண்ணின் படத்தைக் காட்டியவளிடம், "இது உனக்கு எடுக்குமா?" என்று இழுத்தேன்.

"அவ இடுப்பையும் சேத்தா தச்சுக் கேட்டேன்? கழுத்து மட்டும் போதும்க்கா."

இருபது சிரிப்பு

எங்கள் தெருக் கோமதிக்குத் தைத்த ஜாக்கெட்டில் கொக்கி மாட்டவில்லை. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் நேரம். கடைக்கு வந்து அதை எறிந்தாள். அளவுக்குக் கொடுத்த பச்சை ஜாக்கெட்டைக்கூட வாங்காமல் போய், தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் படத்தோடு போட்டுவிட்டாள். பச்சையை வைத்துத் திரும்பத் திரும்ப அளந்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. என் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

எட்டாவதோடு நின்றவள் நான். பதிலை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் இருபது பேர் சிரித்த முகம் போட்டார்கள். அந்த வாரம் ஒரு துணி வரவில்லை. கடையைப் பூட்டிவிடலாமா என்று யோசித்தேன். கோமதி போட்டது இவ்வளவுதான்:

"அக்காவுக்குக் கண்ணு மங்கிட்டு. யாரும் குடுத்து ஏமாறாதீங்க."

ஈரம்

போதாததற்கு மழை. கூரை ஒழுகி, அளவு ஜாக்கெட்டுகள் இருந்த பை நனைந்து, பெயர்ச்சீட்டெல்லாம் கூழாகிவிட்டது. கயிறு கட்டிக் காயப்போட்டு, படம் எடுத்து, யாருடையது என்று கேட்டு ஸ்டேட்டஸ் வைத்தேன். அளவுக்கென்று எவள் நல்ல ஜாக்கெட்டைத் தருவாள்? அது எனக்கு உறைக்கவில்லை. முதல் ஆளாக எதிர்வீட்டுக்காரி ஓடிவந்தாள்.

"அக்குள் கிழிஞ்சதப் போயி ஊருக்கே காட்டிட்டியேக்கா! இரு, ஒன் பழைய பாவாடைய நான் படம் எடுக்கேன்."

பச்சை

அன்று சாயங்காலம் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு கோமதியின் தங்கை செல்வி போனில் பேசி அனுப்பியிருந்தாள். அவளும் என்னிடம் தைத்தவள்தான். கல்யாணமாகி சாத்தான்குளத்தில் இருக்கிறாள். "எக்கா, அந்தப் பச்சை என்னுதுல்லா! கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தப்ப கோமதியக்கா வீட்டுக் கொடியில மறந்து விட்டுட்டு வந்தேன். ஒங்க கடைக்கு எப்படி வந்துச்சு?"

செல்வி ஊசிமாதிரி இருப்பாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. செல்வி பேசியதைக் குரூப்பில் போட மனசில்லை, கோமதிக்கு மட்டும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரூப்பில் அவள் குரலே கேட்டது. அவள் வாய்க்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டவள்.

"ஏட்டி, எல்லாரும் கேளுங்க. தங்கச்சி ஜாக்கெட்ட அளவுக்குக் குடுத்தது நாந்தான். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. துணியக் கொண்டுபோயிக் குடுங்க. ஆனா, என்னுதப் பிரிச்சுத் தச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தியும் அங்கன போகப்படாது!"

என்னைத் தெருவில் நிறுத்தியதும் திரும்ப மெஷினில் உட்காரவைத்ததும் ஒரே போன்தான் என்பதால், பயந்துகொண்டேதான் அதற்கு சார்ஜ் போடுகிறேன்.