காருக்குள் ஒரு பெண்கள் கிறிஸ்துமஸ்

ஜனவரி ஆறாம் தேதி, நண்பகல். கோப்னிட் ட்வோமி தன் வீட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளி, வைக்கோல் கொட்டகையின் ஓரமாக, எஞ்சினை அணைத்த காருக்குள் ஒளிந்து உட்கார்ந்திருந்தாள். வயது ஐம்பத்தாறு. மடியில் ஒரு பிளாஸ்க் தேநீர், அலுமினியத் தாளில் சுற்றிய இரண்டு துண்டு கிறிஸ்துமஸ் கேக். வெளியே கார்க் மாவட்டத்து மழை. அதற்கு வேறு வேலை கிடையாது.

ஊர்ப் பெண்களோடு டவுன் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போகிறேன் என்று வீட்டுக்காரன் ஃபின்பாரிடம் சொல்லியிருந்தாள். சளி பிடித்திருக்கிறது, வரமுடியாது என்று ஊர்ப் பெண்களிடம் சொல்லியிருந்தாள். இரண்டும் பொய். தலையில் பண்டிகைக் காகிதக் கிரீடத்தை வைத்துக்கொண்டு அவர்கள் போடும் கூச்சலைக் கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. யாரும் எதுவும் கேட்காத இடத்தில் ஒரு பொழுது சும்மா இருக்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இந்தப் பக்கத்தில் அந்த நாளைப் பெண்கள் கிறிஸ்துமஸ் என்பார்கள். பண்டிகையின் கடைசி நாளான அன்று ஆண்பிள்ளைதான் கரண்டி பிடிக்க வேண்டும், பெண்பிள்ளை கையை நனைக்கக் கூடாது. வருஷம் முழுவதையும் எடுத்துக்கொண்டு ஒரு நாளைத் திருப்பிக் கொடுக்கும் தாராள மனசு! அந்த ஒரு நாளும் கோப்னிட்டுக்கு முழுசாக வாய்த்ததில்லை. ஒரு வருஷம் ஃபின்பார் புகைபோக்கியில் தீப்பிடிக்க வைத்தான். நாலைந்து வருஷம் மாமியார் படுத்த படுக்கை. அந்த அம்மாள் போன பிறகு மாமனார் ஜெர், கோப்னிட் கை படாத சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்று முரண்டு பிடித்தார். கல்யாணமான முப்பத்தோரு வருஷமும் ஏதாவது ஒன்று வந்து, கடைசியில் அவளே கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அடுப்படிக்குள் நுழைவாள்.

டவுன் முதியோர் இல்லத்தில் தினமும் நாற்பது பேருக்குச் சமைப்பதுதான் அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் அதே ஆவி, அதே உருளைக்கிழங்குத் தோல். போதாக்குறைக்கு இந்தக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு மகள்களும் குடும்பத்தோடு வந்து பத்து நாள் இருந்து, வான்கோழியை எலும்புவரை பார்த்துவிட்டு, நேற்றுத்தான் டப்ளினுக்குத் திரும்பினார்கள். அவளுக்கு இடுப்பு கழன்றுவிட்டது.

போன் அடித்தது. அடுப்படி ஜன்னலில் ஃபின்பார் ஒரு கையில் போனும் மறு கையில் முட்டைக்கோஸுமாக நிற்பது இங்கிருந்தே தெரிந்தது.

"கோப்னிட், இந்தக் கோஸை எவ்வளவு நேரம் வேக விடணும்?"

"வேகுற வரைக்கும்."

"ஹோட்டல் என்ன இவ்வளவு அமைதியா இருக்கு?"

"எல்லாரும் வாய் நிறைய வெச்சிருக்காங்க."

பின்னால் கிழவர் குரல் கேட்டது. "அவ எப்படா வருவா?"

"சாயங்காலம் வருவாப்பா. ஒரு நாளாவது அவளை நிம்மதியா விடுங்க," என்றான் ஃபின்பார். சொல்லிவிட்டு, ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அவனே கூப்பிட்டான்.

"சாஸ்ல மாவு கட்டி கட்டியா நிக்குதே?"

"கைவிடாம கலக்கணும்."

"நான் கலக்கிட்டே இருந்தா உருளைக்கிழங்கை யாரு பாக்கறது?"

"நல்ல கேள்வி. நானும் ரொம்ப நாளா அதைத்தான் யோசிக்கிறேன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அன்றைய சமையல் பன்றி உப்புக்கண்டமும் கோஸும். உப்புக்கண்டத்தில் ஏற்கெனவே உப்பு ஊறிக் கிடக்கும். முதல் கொதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதே தண்ணீரில் கோஸைப் போடவேண்டும். ஃபின்பார் முதல் தண்ணீரைக் கொட்டவே இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது அவன் உப்பு டப்பாவைத் திறந்து, மாட்டுத் தீவனம் போடுகிறவன் மாதிரி ஒரு கை நிறைய அள்ளினான்.

அவள் கை தானாகக் கதவைத் திறந்தது. முழங்காலில் மழை விழுந்தது. இன்னும் நேரமிருக்கிறது. ஓடிப்போய்த் தண்ணீரை மாற்றினால் சாப்பாடு பிழைத்துவிடும். ஆனால் காலைக் கீழே வைத்தால் நாள் போயிற்று. சாஸையும் அவள்தான் கலக்குவாள், மாமனாருக்கும் அவள்தான் பரிமாறுவாள். இந்த வருஷமும் முப்பத்தோரு வருஷத்தோடு போய்ச் சேர்ந்துவிடும்.

பானைக்குள் உப்பு விழுந்தது. கோப்னிட் பல்லைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். கேக்கைத் தின்றாள். தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

காரின் மறுபக்கத்துக் கதவு திறந்த சத்தத்தில்தான் விழித்தாள். கோழிகளுக்கு உருளைக்கிழங்குத் தோலைக் கொட்ட வந்த ஃபின்பார் காரைப் பார்த்துவிட்டான். இடுப்பில் அவளுடைய ஏப்ரன், சுட்டுக்கொண்ட கட்டைவிரலில் ஈரத்துணி. ஏறி உட்கார்ந்தான்.

"ஹோட்டல் நல்லாத்தான் இருக்கு," என்றான்.

"ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"

"கடல்தண்ணி மாதிரி கரிக்குது. அப்பா துப்பிட்டாரு. ரொட்டியும் ஜாமும் தின்னுட்டிருக்காரு."

"நீ உப்பு அள்ளினப்பவே பாத்தேன்."

"பாத்துட்டு சும்மாவா இருந்த?"

"சும்மா இருக்கத்தான் வந்தேன்."

கத்தப்போகிறான் என்று நினைத்தாள். அவன் பிளாஸ்க் மூடியை எடுத்து, மிச்சத் தேநீரை ஊற்றிக் குடித்தான்.

"முதுகு போச்சு, கோப்னிட். ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. தினமும் இப்படித்தானா?"

"தினமும்தான்."

"இல்லத்துல இதுமாதிரி நாப்பது பேருக்கா?"

"நாப்பது பேருக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு ஒரு மனுஷனுக்கு உறைத்திருக்கிறது. இது போதும், இனி எல்லா வருஷமும் நானே சமைத்துவிட்டுப் போகிறேன் என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது அந்தப் பைத்தியம் கோப்னிட்டுக்கு.

ஃபின்பார் பெருமூச்சு விட்டான்.

"சரி, நாளைக்கு என்ன சாப்பாடு?"

அவன் குத்திக் கேட்கவில்லை. பசியில், களைப்பில், வாய் பழக்கத்துக்குக் கேட்டுவிட்டான். கோப்னிட் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அது சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மணி பார்த்தாள். இரண்டேகால்.

"எனக்கு இன்னிக்கே இன்னும் முடியல, ஃபின்பார். நாளைக்கு உள்ளதை நாளைக்குக் கேளு. போய் பானையை ஊறப் போடு, இல்லேன்னா உப்புக் கறை போகாது."

இருக்கையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ. மழை உள்ள அடிக்குது."