ஆறாம் வீட்டுக்கு வந்த ஜெபம்

சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் எங்கள் லயம். ஒரே கூரையின் கீழ் பத்து வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம், வாரம் ஒரு வீடு, வரிசையாக. என் வீடு ஆறாவது. மூன்று வருஷமாக ஐந்தாம் வீட்டில் ஜெபம் முடிந்தால் அடுத்த வாரம் ஏழாம் வீடுதான். வராதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. தாண்டிப் போனார்கள்.

என்னோடு இன்னொரு பெண் இருந்தாள். தூரத்துச் சொந்தம் என்று சொல்லியிருந்தோம். அப்படியில்லை என்று லயத்துக்குத் தெரிந்த மாதமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூப்பாறைக்குச் சாமான் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் அண்ணன்மார் போடியிலிருந்து ஜீப்பில் வந்து கூட்டிப் போய்விட்டார்கள். திரும்பி வந்து கேட்டேன். "அவளாத்தான் ஏறிப் போனா" என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதால் நம்பினேன். அதற்குப் பிறகு அவள் போனையும் எடுக்கவில்லை.

காய் எடுக்கும்போது என் பக்கத்துச் செடிக்கு ஆள் வராது. மத்தியானம் குழம்பு மாற்றிக்கொள்ளவும் ஆள் இல்லை. தனியாகத் தின்றேன். செத்துப் போகவில்லை.

போன மழையில் ஏழாம் வீட்டு அக்கா சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். மகள் திருப்பூரில். பார்க்க வந்தவர்கள் ரொட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். முனகல் எனக்குத்தான் சுவர் வழியாகக் கேட்டது. வேலைக்கு முன்னும் பின்னும் போய்த் தண்ணீர் பிடித்தேன், கஞ்சி வைத்தேன். தலை வாரிவிடப் போனால் தோளைச் சுருக்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பயப்படாதக்கா, ஒன்னக் கட்டிக்க வரல. சிக்கெடுக்க வந்திருக்கேன்."

சிரித்துவிட்டாள். அதன் பிறகு தினமும் அவளே சீப்பை எடுத்து வைத்திருப்பாள்.

கால் கூடியதும் ஜெபம் நடத்தும் உபதேசியாரிடம் போய், "ஆறாம் வீட்ட விட்டுட்டுப் போனா நான் ஜெபத்துக்கு வரல. தங்கமான புள்ள அது" என்று சொல்லியிருக்கிறாள். வந்தார்கள், பதினோரு பேர். பாய் விரித்தேன். பால் விடாமல் கட்டன் காப்பி போட்டு வைத்தேன்.

அக்கா கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்தப் பிள்ளை மனச மாத்தும். நல்ல மாப்பிள்ளையக் குடும்" என்றாள். ஆமென் சத்தமாக விழுந்தது.

"மாப்பிள்ளை வேண்டாம்" என்றேன். "போனவ ஏன் ஒரு வார்த்தை சொல்லாமப் போனான்னு எனக்குத் தெரியணும். அதுக்கு ஜெபம் பண்ணுங்க."

ஆமென் இல்லை. எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். உபதேசியார் வேதத்தை மூடினார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அக்கா மட்டும் முறிந்த காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"அவளாப் போகலடி" என்றாள். "அக்கா அக்கான்னு என் கதவத்தான் தட்டினா. நான் உள்ள தாழ் போட்டுக்கிட்டேன். இப்படிப்பட்டவளுக நமக்கெதுக்குன்னு."

இதைச் சொல்ல அவளுக்குக் கால் முறிய வேண்டியிருந்தது. மற்ற எட்டு வீட்டிலும் கால் முறியும்வரை நான் இங்கே காத்துக் கிடக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை போடிக்கு பஸ் ஏறுகிறேன் என்றேன்.

"நானும் வாரேன். அவகிட்ட நாந்தான் சொல்லணும்."

காப்பியெல்லாம் தொடாமல் ஆறிக் கிடந்தது. ஒரு கிளாஸை எடுத்து அவளிடம் நீட்டினேன். சூடு பண்ணிக் கொடுக்கவில்லை.