கதவில் கட்டிய கம்பி

இப்போது மெக்கானிக் கோபப்படுவதே இல்லை. சபையில் யாருக்காவது கஷ்டம் வந்தால் அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். "எப்படி இருந்த மனுஷன் பாருங்க, ஆண்டவர் எப்படி உருவாக்கிட்டாரு!" என்று மெச்சிக்கொள்கிறார்கள். கேட்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. எதைக் கொடுத்து இந்த அமைதியை வாங்கினார் என்று இவர்களில் ஒருத்தருக்காவது தெரியுமா?

அந்தக் காலத்தில் அச்சகத்தில் அவருக்கு நேரில் "மெக்கானிக்" என்று பெயர், முதுகுக்குப் பின்னால் "இடி". வாயைத் திறந்தால் எல்லா மாடிக்கும் கேட்கும். இயந்திரத்தில் ஒரு திருகு தளர்ந்திருந்தால் போதும், அதை ஓட்டுகிறவனின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார். சபையிலும் அதே கதைதான். மைக் கரகரத்தால் ஜெபத்துக்கு நடுவிலேயே எழுந்து போய் அதை ஒரு தட்டு தட்டிவிட்டு வருவார். பக்கத்தில் அவருடைய மனைவி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வாள். அதிர்ந்து பேசத் தெரியாதவள் அவள். இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் பொறுமையைக் கொடு ஆண்டவரே என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேண்டுதல் இப்படியா பலிக்க வேண்டும்?

அவர்களுக்கு ஒரே மகன். அதே அச்சகத்தில் மேல் மாடியில், புத்தகம் கட்டும் பிரிவில் வேலை. அம்மாவை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருப்பான். ஒரு நாள் காலையில் காகிதக் கட்டுகளை ஏற்றிய தள்ளுவண்டியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டே வந்து, சரக்கு லிஃப்டின் கதவைத் திறந்து, திரும்பிப் பார்க்காமல் உள்ளே கால் வைத்தான். லிஃப்ட் அங்கே இல்லை, கீழே நின்றுகொண்டிருந்தது. அவன் விழுந்தான். அவன் மேல் வண்டி விழுந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது அவனுடைய அப்பாதான்.

லிஃப்ட் வந்து நிற்காமல் அந்தக் கதவு திறக்கவே கூடாது. அதற்கென்றே ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டு வேலை செய்யாதபடி யாரோ கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். விசாரிக்க வந்தவர்கள் யார் கட்டியது என்று கேட்டார்கள். சூப்பர்வைசர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "அந்தப் பையன்தான் சார் கட்டியிருப்பான். வேலை சீக்கிரம் முடியணும்னு இந்தக் காலத்துப் பசங்க பண்ற வேலை." செத்தவன் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப் போகிறான்? அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தச் சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, இவர்கள் போகிற சபையின் மூப்பர். திருவிருந்து நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெஞ்சு பெஞ்சாகத் திராட்சரசப் பாத்திரத்தை ஏந்தி வருகிறவர். மெக்கானிக் அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினார்: "எல்லாம் அந்தப் படுபாவி பண்ணினது. கம்பியைக் கட்டிட்டு, பழியை நம்ம புள்ளை தலையில போட்டுட்டான்!"

ஆறுதல் சொல்கிறேன் என்று சபையார் வந்தார்கள். சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கலாம். "ஆண்டவர் உங்களைப் புடம் போடுறாரு பிரதர். உங்க முன்கோபத்தை எடுக்கத்தான் இதெல்லாம்" என்றார் ஒருவர், என்ன பேசுகிறோம் என்பது தெரியாமல்.

"அப்ப என்னையில்ல போட்டிருக்கணும்? எம் புள்ளை என்னய்யா பண்ணுச்சு?" என்று மெக்கானிக் போட்ட சத்தத்தில் வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினார்கள்.

அந்தச் சபையில் திருவிருந்துக்கு முன்னால் ஒரு வழக்கம். யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால் எழுந்து போய் அவருக்குக் கைகொடுத்துவிட்டு வர வேண்டும். அதன் பிறகுதான் அப்பமும் பாத்திரமும். இல்லாவிட்டால் கிடையாது. மெக்கானிக் கை கொடுக்கவில்லை. மூப்பர் பாத்திரத்தோடு அவர் பெஞ்சுக்கு வரும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மூப்பர் முன்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சாட்சி சொன்னார்: "என் மனசுல ரொம்ப நாளா ஒரு பாரம். நேத்து ஜெபத்துல ஆண்டவர் அதை எடுத்துட்டாரு. உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டாரு." எதற்கு மன்னிப்பு என்று அவர் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை. எல்லாரும் அல்லேலூயா போட்டார்கள்.

"செத்தது எம் புள்ளை! மன்னிக்க ஆண்டவர் யாரு?" என்று கேட்டுவிட்டு மெக்கானிக் வெளியே போனார்.

அவர் மனைவியோ பல வாரம் அழுதுவிட்டு, ஒரு நாள் தானாகவே எழுந்து போய் மூப்பரின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "மனசு லேசாயிடுச்சுங்க. உங்களுக்கு வலிக்கும், தெரியும். ஆனா நீங்களும் கை குடுத்துடுங்க" என்றாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்து விளையாட இது விடுகதை இல்லை. அந்தக் கம்பியைக் கட்டியது மெக்கானிக்தான். பூட்டு அடிக்கடி மக்கர் பண்ணியது. லாரி வாசலில் நிற்கிறது, என்னத்தையாவது பண்ணு என்று சூப்பர்வைசர் குதித்தார். இவர் குறட்டால் கம்பியை முறுக்கிக் கட்டி, புதுப் பூட்டு வந்ததும் மாற்றிவிடலாம் என்றார். பூட்டும் வரவில்லை, இவருக்கும் மறந்துபோயிற்று. விசாரணையில் மகன் மேல் பழி விழுந்தபோது இவரும் பக்கத்தில்தான் நின்றார். எல்லா மாடிக்கும் கேட்கிற அந்தக் குரல் அன்றைக்குத் தொண்டையைத் தாண்டவில்லை. பயம். அதற்குப் பிறகு சூப்பர்வைசரை எவ்வளவுக்கெவ்வளவு திட்டினாரோ, அவ்வளவுக்கவ்வளவு தன்னைப் பார்க்காமல் இருக்க முடிந்தது.

இதற்கிடையில் மனைவிக்கு வயிற்றில் புற்றுநோய். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சாகறதுக்குள்ள உங்களோட சேர்ந்து ஒரு தடவை அப்பம் எடுக்கணுங்க. உங்களை வெளியில நிறுத்திட்டு நான் மட்டும் உள்ள போற மாதிரி இருக்கு." பாஸ்டர் தன்மையானவர்தான், ஆனால் சட்டம் சட்டம் என்றார். முதலில் மூப்பருக்குக் கை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் மூப்பரையும் அழைத்துக்கொண்டு, சின்னப் பெட்டியில் அப்பமும் பாத்திரமுமாக வீட்டுக்கே வந்துவிட்டார்.

சும்மா கையைக் கொடுத்துவிடுவது என்றுதான் மெக்கானிக் முடிவு பண்ணியிருந்தார். இவ்வளவு நாள் மறைத்தாயிற்று, இன்னும் கொஞ்ச நாள்தானே, அவள் நிம்மதியாகப் போகட்டும். கட்டிலுக்குப் பக்கத்தில், மருந்துக் குப்பிகள் வைத்த ஸ்டூலைத் தள்ளிவிட்டு, மூப்பர் கையை நீட்டினார். மெக்கானிக்கும் கையை நீட்டினார். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். உதடு வெடித்து, பல்லும் எலும்புமாகக் கிடந்தவள், கல்யாணப் பெண் மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஒரு பொய்க்கு வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. கையை இழுத்துக்கொண்டார்.

"பாஸ்டர், நான் மன்னிப்புக் கேக்க வேண்டியது இவகிட்ட."

"அண்ணே, இப்ப எதுக்கு அதெல்லாம்..." என்று மூப்பர் பதறினார்.

"சும்மா இருங்க. நீங்க சொன்னீங்க, நான் கட்டினேன். நீங்க அவன் மேல போட்டீங்க, நான் பாத்துக்கிட்டு நின்னேன்." பிறகு மனைவியைப் பார்த்து, "கம்பியைக் கட்டினது நான்தாம்மா" என்றார். வாழ்நாளில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை.

பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! இதுக்குத்தானே சிஸ்டர் இத்தனை வருஷமா ஜெபம் பண்ணினீங்க? கல் மாதிரி இருந்த மனுஷனை எப்படி உடைச்சு உருவாக்கிட்டாரு பாருங்க!" என்று அப்பத்தைப் பிட்டு அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"சிஸ்டர், அவரை மன்னிச்சாத்தான் நீங்க இதை..."

"சட்டம் தெரியும் பாஸ்டர். எடுத்துட்டுப் போங்க."

பெட்டியை மூடிக்கொண்டு அவர்கள் போன பிறகு மெக்கானிக் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்தார். அவள் கேட்டாள்: "அவன் மேல பழி போட்டப்ப, பக்கத்துலயே நின்னீங்களா?"

"நின்னேன்."

"ஒரு வார்த்தை சொல்லலையா?"

"சொல்லலை."

"கம்பி தெரியாம நடந்தது. அதைப் பொறுத்துக்கலாம்" என்றாள்.

"திங்கக்கிழமை போய் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். அவன் பேரைத் துடைச்சிடறேன். என்னைப் பிடிச்சு உள்ள போட்டாலும் பரவாயில்லை."

"சொல்லுங்க. சொல்லித்தான் ஆகணும்."

"அப்ப என்னை மன்னிச்சிடுவியா?"

அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "அந்தப் பழியைச் சுமந்துக்கிட்டுக் கிடக்கறது அவன். நான் எப்படிங்க மன்னிக்கறது? நான் அவனைத்தானே பாக்கப் போறேன். அவன்கிட்ட கேக்கறேன். அவன் மன்னிச்சிட்டான்னா நானும் மன்னிச்சிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுங்க" என்றாள்.