மகளுக்குத் தெரியாமல் வந்தவர்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒருநாள் காலை, டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் என் பக்கத்தில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அவர் கை குறுக்கே நீண்டு என்னை விழாமல் தடுத்தது.

"பழக்கதோஷங்க, தப்பா நினைக்காதீங்க" என்றவர் முன்பக்கம் காட்டினார். "அதோ, மஞ்ச சுடிதாரு. எம் பொண்ணு."

டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள், வயது இருபத்திரண்டு. அவள் போகும் பயிற்சி மையத்தில் மெழுகுவத்தி செய்யவும் தனியாக பஸ் ஏறவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அம்மா பின்னால் வருவது அவளுக்குத் தெரியாது.

"ஒரு மாசமா ஒளிஞ்சுதாங்க வர்றேன். டீச்சர் கண்டுபுடிச்சிட்டாங்க. இன்னியோட நிறுத்திக்கோங்கம்மானு சொல்லிட்டாங்க."

மையம் வந்தது. அந்தப் பெண் கம்பியைப் பிடித்து நிதானமாக இறங்கி, கேட்டைத் தாண்டி உள்ளே போனாள்.

"நல்லா போயிட்டாளே" என்றேன்.

"ஆமாங்க. ஒரு தடவைகூட திரும்பிப் பாக்கல."

அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கினோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு மணிக்கு அவளே வந்துடுவா. நாளையில இருந்து பகல்ல நான் என்னங்க பண்றது?"

எனக்கு ஆபீசுக்கு நேரமாகியிருந்தது. "நிம்மதியா ரெஸ்ட் எடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.