மருந்து சுரண்டிய காசு

பொன்மணி தினமும் கொண்டை ஊசியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குள் போவாள். எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் அதுதான் கட்டுப்பாடு. வெடிமருந்து அறைக்குள் இரும்பு வரக்கூடாது. ஒரு பொறி போதும். ஆனால் பலகையில் காய்ந்து ஒட்டிய மருந்தைச் சுரண்ட ஏதாவது வேண்டுமே. அதற்கு அவளிடம் ராமர் படம் போட்ட பழைய செம்புக் காசு ஒன்று இருந்தது. ஒரு திருவிழாவில் தரையில் கடை விரித்திருந்தவனிடம் வாங்கியது. பக்கத்துப் பலகை மூக்கம்மாளும் அவனிடமே ஒன்று வாங்கியிருந்தாள். போர்மேன் ஊர்க்காவலன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செம்புதான? பொறி பறக்காது. வச்சுக்கங்க."

வருஷங்கள் போயின. காசின் தேய்ந்த விளிம்பு மட்டும் வெள்ளையாக மினுங்கியது. அலுமினியப் பொடி ஏறியிருக்கிறது என்று பொன்மணி நினைத்துக்கொண்டாள். அந்தப் பொடி அவள் நகக்கண்ணிலும்தான் இருந்தது.

ராமர் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறார்கள் என்று ஒரு சீசனில் பேச்சுக் கிளம்பியது. பொன்மணிக்கு லட்சம் வேண்டாம். ஒரு தையல் மிஷின் வந்தால் போதும். அந்த அறைக்குள் மறுபடி கால் வைக்க வேண்டியதில்லை. காசை விற்க விருதுநகர் போவதற்கு லீவு சொன்னாள்.

"பணக்காரி ஆனதும் எங்கள மறந்துறாதடி," என்றாள் மூக்கம்மாள். "எண்ணெய்ப் பரோட்டாவாச்சும் வாங்கிட்டு வா. உன்னுது போற வெலயப் பாத்துட்டு என்னுதையும் தள்ளிருவோம்."

விருதுநகரில் பழங்காசு வாங்கும் சீனிவாசகம் பூதக்கண்ணாடியைத் தொடவே இல்லை. மேஜையில் கிடந்த காந்தத்தை அருகே கொண்டுபோனார். காசு துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

"போலிம்மா. இரும்பு. மேல செம்பு முலாம்."

"என்னது?"

"ஓரத்தப் பாருங்க. முலாம் தேஞ்சு இரும்பு வெள்ளையாத் தெரியுதுல்ல? இதுக்கு வெலயே கெடையாது."

விலை அவள் காதில் விழவில்லை. சுரண்டும் சத்தம்தான் கேட்டது. இத்தனை வருஷமாக அவள் மடிக்கு முன்னால் கேட்ட சத்தம். இந்நேரம் மூக்கம்மாள் பலகை முன் குந்தியிருப்பாள்.

கடை வாசலில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போன் இருந்தது. கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்த துணிப்பையில் நம்பர் அச்சடித்திருந்தது. கையிலிருந்த ஒரே ரூபாயைப் போட்டாள்.

"அண்ணாச்சி, மூக்கம்மா காச வாங்கிருங்க. இப்பவே."

ஊர்க்காவலன் சிரித்தார். "என்னத்தா, வெல அம்புட்டு ஏறிப்போச்சா? அவ தருவாளா?"

"இரும்பு அண்ணாச்சி! ரெண்டுமே இரும்பு!"

ரிசீவர் மேஜையில் விழுந்தது. செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது. கொஞ்ச நேரத்தில் லைன் அறுந்தது.

"அய்யா, ஒத்த ரூவா குடுங்க!"

சீனிவாசகம் டிராயரை இழுத்துத் துழாவினார். அரையணா, ஓட்டைக் காலணா, ராஜா தலை, ராணி தலை. போனுக்குள் போகிற ரூபாய் ஒன்றுகூட இல்லை. அவரே டீக்கடைக்கு ஓடி ஒன்று வாங்கி வந்தார்.

இரண்டு தடவை எங்கேஜ்டு சத்தம் கேட்டு ரூபாய் திரும்பி விழுந்தது; மூன்றாம் தடவை மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது மூக்கம்மாள்.

"ஏண்டி, நீ என்ன சொல்லிக் குடுத்த? அண்ணாச்சி எங் காசப் பிடுங்கிக் கெணத்துல எறிஞ்சிட்டு, தலையில கைய வச்சு உக்காந்திருக்காரு. எனக்கு யாரு குடுப்பா?"

பொன்மணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுடி!"

"திட்டு," என்றாள் பொன்மணி. "இன்னும் கொஞ்ச நேரம் திட்டு. நாளைக்கு வேலைக்கு வந்து சொல்லுதேன்."