தோடிக்கு நடுவே ஓர் இருமல்

சிடி சுழலத் தொடங்கிப் பாட்டு வருவதற்கு முன்னால் ஒரு நிசப்தம் வரும். கேசட்டில் அந்த இடத்தில் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டதுபோல 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் இருக்கும், வானொலியில் கொரகொரப்பு இருக்கும். இதில் ஒன்றுமே இருக்காது. கறுப்புப் பெட்டியின் முகத்தில் பச்சை எண்கள் மட்டும் ஓடும், அப்பா கண்ணை மூடிக்கொண்டு "கேளுங்கோ, கேளுங்கோ" என்பார். இல்லாத சத்தத்தைக் கேட்கச் சொல்லிக் குடும்பத்தை வியர்க்க விறுவிறுக்க உட்கார வைத்த மனிதர் கோலாலம்பூரில் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கத் தேடினாலும் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

வியர்த்ததற்குக் காரணம், மின்விசிறியின் சத்தம் இசையைக் கெடுக்கிறது என்று அவர் அதை நிறுத்திவிடுவதுதான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அரசாங்க அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் வேலையிலிருந்த அப்பா, வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடமிருந்து அந்தப் பெட்டியை வாங்கினார். ஒரு ஆளால் தூக்க முடியாத கனம். அரசாங்கம் கொடுத்த எங்கள் 'கோர்ட்டர்ஸ்' வீடு தண்டவாளத்தை ஒட்டி இருந்ததால் ரயில் போகும்போதெல்லாம் அலமாரிப் பாத்திரங்கள் கிலுகிலுக்கும். அந்த அதிர்வு பெட்டிக்குப் போகக் கூடாதென்று, கல்லறைக்குக் கல் செதுக்கும் சீனர் கடையிலிருந்து ஒரு கருங்கல் பலகையை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"சாவீட்டுக் கல்லை ஹாலுக்குள்ள வைக்கிறீங்களே, உங்களுக்கென்ன விசரோ?" என்றார் அம்மா.

"பேர் வெட்டாத கல்தானே" என்றார் அப்பா.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அந்தப் பெட்டி பாடிய மாதிரி அதற்குப் பிறகு நான் எதிலும் கேட்டதில்லை. கேசட்டில் எல்லோரும் ஒரே தகர டப்பாவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பாடுவார்கள். இதில் பாடகர் சோபாவுக்கும் கண்ணாடி அலமாரிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுவார், வலது பக்கம் வயலின், இடது பக்கம் மிருதங்கம், தோலில் விரல் பட்டு எடுப்பதுகூடத் தனியாகத் தெரியும். பாடகர் எச்சில் விழுங்குவதும் கேட்கும். அம்மாவுக்கு அது அருவருப்பு, எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

அப்பா உயிரையே வைத்திருந்தது ஒரு சிடியின் மேல். நான் பிறப்பதற்கு முன்பு மதராஸிலிருந்து வந்த ஒரு பெரிய பாடகர் கோலாலம்பூரில் செய்த கச்சேரி அது. அன்றைக்கு யாரோ ஆர்வலர் ஒலிநாடாவில் பிடித்து வைத்திருந்ததை அவருடைய பிள்ளைகள் பிற்பாடு சிடியாகப் போட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கச்சேரிக்கு அப்பா போகவில்லை. தொலைவில் கோத்தா பாருவில் வேலையாக இருந்தவர், தன் தகப்பனாராகிய ஐயா கேட்கட்டும் என்று முன்வரிசையில் இரண்டு டிக்கெட் எடுத்து, கிள்ளானில் ஐயாவைத் தன்னோடு வைத்திருந்த அண்ணனுக்கு அனுப்பினார். கூட்டிக்கொண்டு போனதாகவும், ஐயா நன்றாகக் கேட்டதாகவும் பெரியப்பா சொன்னார். அடுத்த மாதமே ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. கச்சேரி எப்படி இருந்தது என்று அப்பாவால் அவரைக் கேட்க முடியாமலே போயிற்று. தகப்பனுக்குத் தான் செய்த ஒரே நல்ல காரியம் என்று அப்பா அதைத்தான் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோடி ஆலாபனை நன்றாகக் கீழே இறங்கி மூச்சு மாதிரி ஆகிவிட்ட இடத்தில், மிருதங்கத்துக்குச் சற்று முன்னாலிருந்து யாரோ இருமினார்கள். இரண்டு குட்டி இருமல், பின்னால் ஒரு நெட்டை. அப்பா பாய்ந்து நிறுத்தினார், பின்னால் ஓட்டினார், மறுபடி போட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

"ஐயா" என்றார். "பிள்ளை, இது ஐயாவின்ட இருமல். முன்வரிசை, பார், சரியா முன்வரிசையிலயிருந்து வருது."

ஐயாவின் குரல் எங்கேயும் பதிவாகி இருக்கவில்லை. ஆகவே வீட்டுக்கு வருபவர்கள் தோடியைக் கேட்டார்களோ இல்லையோ, இருமலைக் கேட்காமல் போனதில்லை. பண்டமாரானிலிருந்து வந்த தூரத்து மாமா ஒருவர் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரொட்டிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டால் அப்பாவுக்கு வரும் கோபத்தைச் சொல்லி முடியாது, மறுபடி முதலிலிருந்து.

பெரியப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் 'டிரஸ்ஸர்' ஆக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போட்ட கை, ஆகையால் எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அவர் முதல்முறை கேட்க வந்தபோது அப்பா இருமலைப் பற்றி முன்கூட்டிச் சொல்லாமல் சிடியைப் போட்டார். இருமல் வந்தது.

"ஆரோ சிகரெட்காரன்" என்றார் பெரியப்பா உடனே. "நெஞ்செல்லாம் புகை. இவன் கனகாலம் இருக்கமாட்டான்லா, தம்பி."

"அண்ணை, அது ஐயா. நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள்?"

பெரியப்பா தேத்தண்ணியைக் கலக்க ஆரம்பித்தார். சீனி எப்போதோ கரைந்துவிட்டது, அவர் கரண்டியை விடவில்லை. "ஓம்... ஐயாதான்" என்றார் கடைசியில். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். கேட்டால், கிள்ளானிலிருந்து பஸ் சரியில்லை என்பார்.

இரண்டு வருடம் கழித்து அவர் வந்தபோது பாதியாக மெலிந்திருந்தார். சிகரெட்டை விட்டு எவ்வளவோ காலமாகியும் நெஞ்சு அவரை விடவில்லை. அப்பா விசிறியை நிறுத்திவிட்டுச் சிடியைப் போட்டார். தோடி இறங்கிக்கொண்டிருந்தபோது, சோபாவில் இருந்த பெரியப்பா இருமினார். இரண்டு குட்டி, ஒரு நெட்டை. அவர் வாயைத் துடைப்பதற்குள் பெட்டியிலிருந்து அதே இருமல் வந்தது.

அடுப்படி வாசலில் நின்ற அம்மாவுக்கே விளங்கிவிட்டது. ஒயரை மாற்றினால் வித்தியாசம் கேட்கிற காது அப்பாவுக்கு, அவருக்கு விளங்காமலிருக்குமா? பெட்டியை நிறுத்தினார்.

"மற்றச் சீட்டில ஆர் இருந்தது, அண்ணை?"

பெரியப்பா தரையைப் பார்த்தார். "ஒருத்தருமில்லை. குடையை வச்சிருந்தனான்."

பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார். அன்றைக்கு நல்ல மழை. அவரிடம் இருந்தது மோட்டார் சைக்கிள். ஐயா மத்தியானமே வேட்டி கட்டிச் சால்வை போட்டுக்கொண்டு காத்திருந்தார். "நனைஞ்சா நெஞ்சிலே சளி கட்டும் எண்டு பயந்தனான். கச்சேரி இல்லையாம் எண்டு சொல்லிப்போட்டு, நான் மட்டும் போனனான்."

"சால்வையைக் கழட்டினவரோ?"

"நான் திரும்பி வரேக்கையும் போட்டபடிதான் இருந்தவர்."

எனக்குப் பெரியப்பா மேல் ஆத்திரமாக வந்தது. அப்பாவோ விட்ட இடத்திலிருந்து சிடியை ஓடவிட்டு, கடைசிவரை கேட்டார். நாங்களும் வியர்த்துக்கொண்டு கேட்டோம். அந்த வருடம் தீபாவளிக்கு நாங்கள் கிள்ளானுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அப்பா வார்டில் போய் அண்ணனுடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தார், இருவரும் பந்து விளையாட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

பெரியப்பாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா விசிறியை நிறுத்தினார். தோடி இறங்கியது. இருமல் வந்ததும் இடது பக்கம் சாய்ந்து, "அண்ணை" என்றார், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி. அதிலிருந்து அது பெரியப்பாவின் சிடி ஆயிற்று.

இப்போது அந்த 'கோர்ட்டர்ஸ்' இல்லை, அந்த இடத்தில் நிற்கும் கண்ணாடிக் கட்டடத்துக்கு ரயில் போவதே தெரியாது. பெட்டியின் லேசர் கண் போய்விட்டது, உதிரிப்பாகம் உலகத்திலேயே கிடைக்காதாம். கருங்கல்லைப் பூச்சோங்கில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புக் கழற்றப் போட்டிருக்கிறோம். அப்பா என்னோடு இருக்கிறார், காதில் கருவி மாட்டியிருக்கிறார்.

போன மாதம் அந்தக் கச்சேரி இணையத்தில் கிடைத்தது. பழைய பதிவைச் சீர்ப்படுத்தி, இரைச்சல் நீக்கிப் புதிதாகப் போட்டிருந்தார்கள். அப்பாவை உட்கார வைத்துப் போனில் போட்டேன். அவரே எழுந்து விசிறியை நிறுத்தினார். பாடகரின் குரல் துல்லியமாகத்தான் இருந்தது. தோடி இறங்கிய இடத்தில் அப்பா இடது பக்கம் சாய்ந்தார், காத்திருந்தார். ஆலாபனை அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"அண்ணை எங்கை?" என்றார்.

"இரைச்சலையெல்லாம் எடுத்திட்டாங்கப்பா. இருமலையும் சேர்த்துத் துடைச்சிருக்காங்க."

அப்பா போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆரைக் கேட்டுத் துடைச்சவங்கள்?"