இரண்டு பேருக்கு எடுத்த கபானா

எங்கள் வீட்டுப் பின்மதிலில் ஏறி நின்றால் கடல் தெரியும். ஏறி நிற்கத்தான் ஆளில்லை. கல்முனைக் கரையில் வீடுகளெல்லாம் பெரிய வீதிக்கு முகத்தையும் கடலுக்கு முதுகையும் காட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. கடல் என்பது எங்களுக்கு மீன் வருகிற வழி. மீன் வந்து சேர்ந்தபிறகு வந்த வழியை யார் விசாரிக்கப் போகிறார்கள்? ஒரு தடவை அது தானாகவே எங்கள் வீடுகளுக்கு வந்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பார்க்கப் போகிற வழக்கத்தை விட்டுவிட்டோம்.

அதனால்தான், கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த என் மருமகன் ஒருநாள் காலையில் வந்து, "மாமி, உங்கட மகளையும் கூட்டிக்கிட்டு ரெண்டு நாளைக்குக் கடலுக்குப் போய்ட்டு வரட்டா?" என்று கேட்டபோது, என் கண் பின்மதில் பக்கம் போனது.

"அப்ப இங்க பின்னால இரிக்கிறது என்ன மகன், வயலா?"

"அது வீட்டுக் கடல் மாமி. நான் சொல்றது அறுகம்பை."

கடற்கரை விடுதியில் கடலைப் பார்த்தபடி தனியாக நிற்கிற ஒரு கபானா, இரண்டு பேருக்கு, செவ்வாயும் புதனும் இரண்டு இரவுக்கு. போனிலேயே எடுத்துவிட்டாராம். வெள்ளி விடியற்காலை அவருக்குப் பிளேன்; வியாழன் பின்னேரமே வீட்டிலிருந்து புறப்படவேண்டும்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். நாங்களும் புது வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சமைக்கிற குசினிக்குப் பின்னால் இருக்கிற அறைக்குள் ஒதுங்கிக்கொண்டோம். ஒதுங்கினோம் என்பது பேச்சுக்கு. குசினிக்குப் போகும் வழி அவர்களுடைய அறை வாசலால்தான் போகிறது. நிக்காஹ் முடிந்து பதினைந்தாம் நாள் மாப்பிள்ளை கட்டாருக்குப் பறந்தார். ஒரு வருடம் போனில் குடும்பம் நடத்திவிட்டு, ஒரு மாத லீவில் வந்தார். அந்த மாதத்தைச் சொந்தக்காரர்கள் விருந்து வைத்தே தின்று தீர்த்தார்கள். அடுத்த வீட்டு மச்சி ஒரு வார்த்தை சொல்லுவா: "மாப்பிள்ளைய வெச்சிரிக்கிறதும் எருமத்தயிர வெச்சிரிக்கிறதும் ஒண்டுகா. ஆட்டப்படா." நாங்கள் பகலும் இரவும் ஆட்டினோம்.

அவர் வந்து கேட்ட அன்றைக்கே, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மகள் மெல்லச் சொன்னாள்.

"உம்மா, அவருக்குக் கொம்பனியால கடிதம் வந்திரிக்கி. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இரிக்கிறதா, இல்லயா எண்டு வியாழக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். நாங்க அதப்பத்தி இன்னும் ஒரு சொல்லும் கதைக்கல்ல."

"ஏன் புள்ள, கதைச்சா என்ன?"

"வாயத் தொறந்தா ஆராவது வட்டிலப்பத் தட்டோட வாறாங்களே. ஒரு மணித்தியாலம் போதும் உம்மா. ஒருத்தரும் பக்கத்துல இல்லாம."

அவளுக்குக் கண்ணீர் வந்தது. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் விசயம் எனக்கு நன்றாக விளங்கிவிட்டது. அவள் ஒரு மணித்தியாலம் தனியாகக் கதைத்தால் மாப்பிள்ளை ஊரோடு நின்றுவிடுவார் என்றும், என் வீட்டுக்காரரின் அரிசிக் கடையில் உட்காருவார் என்றும், என் கண்ணுக்கு முன்னால் பேரப்பிள்ளைகள் வளரும் என்றும் வெங்காயத்தோடு வெங்காயமாக நான் கணக்குப் போட்டேன். "ஓம் புள்ள, நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பிறகு அதை என் கூடப்பிறந்த மூத்தவ ராத்தாவிடம் மட்டும் சொன்னேன். என் ராத்தாவிடம் ஒன்றைச் சொல்வது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வதைவிட ஒருபடி மேல். ஒலிபெருக்கி ஓர் ஊருக்குத்தான் கேட்கும்.

"புதுப் பொண்ணு மாப்பிள்ளையத் தனியக் கடலுக்கு அனுப்புறதா?" என்று நெஞ்சில் கை வைத்தா ராத்தா. "கண்ணூறு படும்கா. நாம கொண்டுபோய் விட்டுட்டு வருவம்."

செவ்வாய் இரவு ராத்தா வீட்டு விருந்தில் போயிற்று. புதன் இரவையும் ராத்தாவே எடுத்துக்கொண்டா: "பயணம் போற புள்ள முந்தின ராவு வீட்டுல படுக்கணும். அதுதான் பரக்கத்." மிச்சமிருந்தது புதன்கிழமைப் பகல் மட்டும். அதற்குள் ஒரு வேன் பேசப்பட்டிருந்தது. ராத்தாவின் பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் என்று வேன் நிறைந்தது. நான் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் போக ஆசையாக இருந்தது.

விடியற்காலை சுபஹு தொழுததும் புறப்பட்டோம். புரியாணிக் கிடாரம், பாய்கள், தலையணைகள், தயிர்ச்சட்டிகள், ஒரு காஸ் அடுப்பு. கடலுக்குப் போகிறோமா குடிபெயர்கிறோமா என்று வேன்காரர் ஒரு தடவை கேட்டார். மாப்பிள்ளைக்கு மரியாதையான இடம் முன் ஆசனம். அவரைச் சாரதிக்குப் பக்கத்தில் ஏற்றினோம். மகள் கடைசி ஆசனத்தில் ராத்தாவுக்குப் பக்கத்தில், மடியில் தயிர்ச்சட்டியோடு இருந்தாள். புருஷன் பெண்சாதிக்கு நடுவில் எங்கள் மரியாதை நாலு வரிசைக்கு நீண்டு கிடந்தது.

அக்கரைப்பற்றில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நிறுத்தினோம். "ஊருக்குள்ளால போய் வாசல மிதிக்காமப் போனா, நாம மௌத்தானாலும் முகம் பாக்க வரமாட்டாங்க" என்றா ராத்தா. இரண்டு மணித்தியாலமும் முப்பது நாற்பது இடியப்பமும் அங்கே போயின. வினாயகபுரம் தாண்டுகையில் இடது பக்கத்தில் கடல் பளீரென்று தெரிந்தது. கரையில் வலை காய்ந்துகொண்டிருந்தது.

"இந்தா இரிக்கே கடல்! இஞ்சயே இறங்கினா என்ன?" என்று பின்னாலிருந்து ராத்தா சத்தம் போட்டா.

முன் ஆசனத்திலிருந்து திரும்பாமலே மாப்பிள்ளை சொன்னார்: "ரூம் அங்க எடுத்திரிக்கி மாமி." அந்தக் குரல் அழுகிற குரலுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தது.

கபானா அழகாகத்தான் இருந்தது. ஓலைக் கூரை, கடலைப் பார்த்த சின்ன விறாந்தை, நடுவில் பெரிய கட்டில். கட்டிலில் வெள்ளைத் துவாய்களை இரண்டு அன்னங்களாக மடித்து, மூக்கோடு மூக்கு முட்ட வைத்து, சுற்றிவரச் சிவப்புப் பூவிதழ் தூவியிருந்தார்கள். மகள் அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். ராத்தா குனியவில்லை.

"இதென்ன, வாத்தா? துவாய இப்பிடி முறுக்கி வெச்சா எப்பிடிக் காயும்?" என்று இரண்டையும் அவிழ்த்து உதறினா. ஓர் அன்னம் சிந்திய தயிரைத் துடைக்கப் போனது. மற்றதைப் பிள்ளைகள் மணலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பூவிதழ்களைக் கூட்டி அள்ளிய பிறகு, பகல் லுஹர் தொழுகைக்கு அங்கே பெண்கள் ஜமாஅத் நடந்தது. ஒரே ஒரு குளியலறை. வெளியில் வரிசை நின்றது. விறாந்தையில் கிடாரம் ஏறியது.

விடுதிப் பொறுப்பாளர் வந்து மெதுவாக, "ரெண்டு பேருக்குத்தானே எடுத்தது?" என்றார். என் வீட்டுக்காரர் அவருக்கு ஒரு தட்டுப் புரியாணி போட்டார். அவர் அதைத் தின்று முடிப்பதற்குள், அவருடைய மனைவி பக்கத்தால் சாய்ந்தமருது ஊரில் எங்களுக்கு ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். பிறகு தயிர் கேட்டு அவரே வந்தார்.

சாப்பிட்டுவிட்டுத் தென்னைகளுக்குக் கீழே பாய் விரித்தோம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அலையில் சறுக்குகிற பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலுக்கு ஓடினார்கள். "அயன் பண்ற மேசையத் தூக்கிக்கிட்டு எங்கடி ஓடுதுகள் இதுகள்?" என்றா ராத்தா. அவர்களுடைய உடுப்பைப் பார்த்துவிட்டு முதலில் கண்ணைப் பொத்தினா. பிறகு விரல் விலகியது. பிறகு, "பாவம், முதுகெல்லாம் வெந்து போச்சு, ஒள்ளுப்பம் தேங்காயெண்ண பூசப்படாதா?" என்று இரக்கப்பட்டா.

மாப்பிள்ளையும் மகளும் மூன்று தடவை நடக்கப் புறப்பட்டார்கள். முதல் தடவை, "மகன், வெயிலுக்குள்ள போகாதீங்க, இளநி வெட்டியாச்சு" என்று ராத்தா திருப்பி அழைத்தா. இரண்டாவது தடவை பிள்ளைகள் அத்தனையும் பின்னால் ஓடின. மூன்றாவது தடவை என் வீட்டுக்காரர் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, வந்திறங்கிய போட்டில் என்ன மீன் என்று பார்க்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் இருக்கும்போது அந்த மனுசன் ஒருநாளும் கரைக்குப் போய் மீன் வாங்கியதில்லை. கடல் வற்றிக் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்து உடல் வற்றிச் செத்ததாம் கொக்கு. எங்கள் கொக்குகள் இரண்டும் காலையிலிருந்து காத்துநின்றன.

மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"உம்மா, இப்ப எத்தின மணி?"

"ரெண்டரை இரிக்கும்."

"அஸர் தொழுதா வீட்டுக்கு வெளிக்கிடுவம், என்ன?"

"ஓம்."

அவ்வளவுதான். பிறகு அவள் மணலை அள்ளி அள்ளித் தன் காலிலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் எழும்பி நின்றேன்.

"ராத்தா, நான் கடல்ல இறங்கப்போறன்."

"என்ன?"

"குளிக்கப்போறன்."

"உனக்கென்ன விசரா? மாத்துறதுக்கு உடுப்பும் கொண்டு வரல்லயே புள்ள! புடிங்க, புடிங்கடா அவள!"

நான் ஓடினேன் என்று சொன்னால் பொய். ஐம்பது வயதில், ஹபாயாவோடு, சாப்பிட்ட வயிற்றோடு எவ்வளவு வேகமாகப் போகலாமோ அவ்வளவு வேகமாகப் போனேன். பின்னால் முழு வேனும் ஓடி வந்தது. சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீன் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பிய என் வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை, மாப்பிள்ளைக்குப் பின்னால் மகள். முழங்கால் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டேன்:

"மகன், நீங்க ரெண்டு பேரும் வராதீங்க! சாமானுக்கு ஆள் வேணும்! அங்கயே இரிங்க!"

எங்கள் ஆட்களிடம் எந்தக் காரணமும் செல்லாது. சாமான் பார்ப்பது மட்டும் செல்லும். இரண்டு பேரும் பாய்க்குத் திரும்பினார்கள்.

முதல் அலை வந்தது. இந்தத் தண்ணீர் என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரரின் கையை நகம் பதியப் பிடித்தேன். அலை இடுப்புவரை வந்து, ஒரு கள்ளப் பூனையைப் போலத் திரும்பிப் போனது. ஹபாயா காற்றுப் பிடித்து என்னைச் சுற்றிக் கறுப்புக் குடையாக விரிந்தது. என்னைப் பிடித்து இழுக்க வந்த ராத்தா அடுத்த அலையில் சறுக்கி உட்கார்ந்தா. "அல்லாஹ்வே!" என்று ஓலம் வைத்தா. பிறகு அந்த ஓலம் எங்கேயோ திசை மாறிச் சிரிப்பாகிவிட்டது. யாரோ மூழ்குகிறார்கள் என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரப் பொடியன் பலகையோடு பாய்ந்து வந்தான். ராத்தா அந்தப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா. "தம்பி, ஒள்ளுப்பம் இதப் புடிச்சுக்கிட்டு நில்லு." அவனும் நின்றான்.

"போதும், ஏறுவம் வா" என்று வீட்டுக்காரர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் கரையைப் பார்த்தேன். சட்டிபானைகளுக்கு நடுவில் பாயில் இரண்டு பேர். மகள் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தாள். அவர் தலையைக் குனிந்திருந்தார். "இன்னும் ஒருக்கா" என்று முங்கினேன். மறுபடி பார்த்தபோது அவர் கதைத்தார், இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை பார்த்தபோது இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். பேச்சு நின்றால் முடிந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. சோறு வெந்த பிறகும் தம் போட நேரம் வேண்டும். நான் திரும்பவும் முங்கினேன். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை முங்கினேன்.

சீமெந்து மூடை கணக்கில் நனைந்து ஏறி வந்தபோது, மகள் பிள்ளைகள் இழுத்துப்போன அந்தத் துவாயோடு தண்ணீர் ஓரம்வரை வந்தாள். கண் சிவந்திருந்தது. முகம் தெளிந்திருந்தது.

"கதைச்சாச்சா?"

"ஓம் உம்மா."

"நிக்கிறாராமா?"

"இல்ல. போறார்." துவாயை என் தலையில் போட்டுத் துவட்டினாள். "ஆறேழு மாசத்துல நானும் போறன் உம்மா. அவரு கூப்பிடல்ல. நான்தான் கேட்டன்."

ஒரு மணித்தியாலம் உப்புத்தண்ணீருக்குள் நின்று, என் மகளை நானே கட்டாருக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறேன். துவாய் முகத்தை மூடியிருந்தது நல்லதாய்ப் போனது.

மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளி நின்றார். "மாமி, கோவமா?"

"கோவமில்ல மகன். குளிருது."

அதற்குள் ராத்தாவுக்குச் செய்தி எட்டிவிட்டது. ஈரத் தலையோடு நெஞ்சில் கை வைத்தா. "புது வீட்டப் பூட்டிட்டா போகப்போறீங்க?" என்று கொஞ்சம் அழுதா. அழுகை முடிவதற்கு முன்னமே அடுத்த கதை தொடங்கிவிட்டது. "சரி, அவ்வளவு தூரம் புள்ளயத் தனிய அனுப்பேலுமா? நானும் நீயும் போய் விட்டுட்டு வருவம். ஒரு பாஸ்போட் தானே."

"ஒருத்தரும் போறல்ல ராத்தா" என்றேன். "அவ போவா. இண்டைக்கு ராவு அவங்க ரெண்டு பேரும் இங்கதான். நாளைக்கு வெள்ளென பஸ்ஸில வரட்டும்."

ராத்தா என்னை மேலும் கீழும் பார்த்தா. "உப்புத்தண்ணி குடிச்சதும் உனக்கு வாய் வந்திட்டு" என்றா. ஆனால் கிடாரத்தைத் தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினா.

வேன்காரர் எனக்கும் ராத்தாவுக்கும் ஆசனத்தில் பொலித்தீன் விரித்துத் தந்தார். முன் ஆசனத்தில் ஒருவரும் ஏறவில்லை. வேன் கோமாரியைத் தாண்டியது. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன்.

"புள்ள" என்றா ராத்தா கடைசியில், பொலித்தீன் சரசரக்க என் பக்கம் நகர்ந்து. "அலை திரும்பக்குள்ள காலுக்குக் கீழால மண்ண இழுத்துக்கிட்டுப் போகுதே, என்ன? முதல்ல பயமா இரிக்கி. பொறகு ஒரு மாதிரி நல்லாத்தான் இரிக்கி."

நான் ஓம் என்றேன்.